சிற்றில்: சிறிய வீட்டில் வாழ்வது பற்றி ஓர் எளிய அறிமுகம்

என் ஆயாவின் வீடு பத்தடிக்குப் பதினாறடி. கடலூருக்கு வடக்கே, தென்பெண்ணை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், தாழங்குடாவில் இருந்தது. சவுக்குக் கம்பு, மூங்கில் வரிச்சு, தென்னங்கீற்று, தரைக்குச் சாணி மெழுகல். இறவாணம், அதாவது கூரையின் கீழ்விளிம்பு, பெரியவர்களின் நெஞ்சு உயரத்துக்குத்தான் இருக்கும். நன்றாகக் குனிந்துதான் உள்ளே போக வேண்டும்.

அந்த 160 சதுர அடியில் ஆறு பேர் இருந்தார்கள். கோடை விடுமுறை முழுக்க அங்கேயே கிடந்த எனக்கு இடம் போதவில்லை என்ற நினைப்பு ஒருநாளும் வந்ததில்லை. பகலில் யாருமே வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள், அதுதான் காரணம். சமையல் பக்கவாட்டுச் சாய்ப்பில் நடக்கும். மீன் ஆய்வதும் வலை சரிபார்ப்பதும் பூவரச மரத்தடியில். ராத்திரி ஆண்கள் மணலில் பாய் போட்டுப் படுப்பார்கள். வீட்டுக்குள் இருந்தவை ஒரு தகரப் பெட்டி, அரிசிப் பானை, சாமி படம், மழை பெய்தால் நாங்கள்.

இப்போது நானும் என் வீட்டுக்காரரும் மாமியாரும் புதுச்சேரியின் பாகூருக்குப் பக்கத்தில் 340 சதுர அடி வீட்டில் இருக்கிறோம். பன்னிரண்டு வருடம் ஆகிறது. சிறிய வீடு கட்டிக்கொண்டு எளிமையாக வாழ ஆசைப்படும் இளம் தம்பதிகள் அவ்வப்போது பார்க்க வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எவ்வளவு சிறியது சிறியது?

பேச்சு வழக்கில் ‘சின்ன வீடு’ என்றால் பொருள் வேறாகிவிடும். அதனால் பலரும் டைனி ஹவுஸ் என்றே சொல்கிறார்கள். நம்மிடம் சிற்றில் என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. சிறிய வீட்டுக்கும் அதுதான் பெயர், சிறுமிகள் மணலில் கட்டி விளையாடும் வீட்டுக்கும் அதுதான் பெயர். பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று ஒரு பருவமே உண்டு. எனக்கு இந்தச் சொல் பிடிக்கும்.

அமெரிக்காவின் மாதிரிக் கட்டட விதித்தொகுப்பு, 2018 பதிப்பில், டைனி ஹவுஸ் என்றால் பரண் நீங்கலாக 400 சதுர அடிக்குள் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. அங்கே சாதாரண வீடுகள் 2,000 சதுர அடிக்கு மேல் போய்விட்டதால் 400 என்பது அவர்களுக்குப் பெரிய துறவு. நம் கணக்கு வேறு. தமிழ்நாடு அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கட்டித் தரும் வீடு 360 சதுர அடி. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் கிராமப்புற வீட்டுக்குக் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 270 சதுர அடி. நம் ஊர் காலனி வீடுகள் பெரும்பாலும் அமெரிக்க டைனி ஹவுஸ் எல்லைக்குள் அடங்கிவிடும்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேறு வழியில்லாமல் 300 சதுர அடியில் ஐந்து பேர் இருப்பதும், வசதி இருந்தும் 300 போதும் என்று முடிவெடுப்பதும் ஒன்றாகாது. என் ஆயா எளிமையைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவருக்குக் கல்வீடு வேண்டும் என்ற ஆசை கடைசிவரை இருந்தது. சிறிய வீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிட்டு ஓலைக் குடிசையின் அழகை வர்ணிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

சரி, குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும்? இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் அளவுகள் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உதவும். ஒரே அறை கொண்ட வீடென்றால் அந்த அறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, அகலம் 2.4 மீட்டராவது இருக்க வேண்டும். சமையலறை 5 சதுர மீட்டர். குளியலறையும் கழிப்பறையும் சேர்ந்திருந்தால் 2.8 சதுர மீட்டர். மூன்றையும் கூட்டினால் 17.3 சதுர மீட்டர், சுமார் 186 சதுர அடி. சுவர் கனம் இதில் சேராது. அறையின் உயரம் 2.75 மீட்டர், அதாவது ஒன்பதடி. இதற்குக் கீழே போனால் காற்றும் வெளிச்சமும் அடிபடும். உள்ளளவு 250 சதுர அடி என்று வைத்துக்கொண்டால் இரண்டு பேர் நிம்மதியாக இருக்கலாம் என்பது என் அனுபவம்.

வீட்டின் பாதி வீட்டுக்கு வெளியே இருக்கிறது

பெரிய வீட்டை நாலா பக்கமும் அழுத்திச் சுருக்கினால் சிறிய வீடு கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சோபாவும் டைனிங் டேபிளும் கட்டிலும் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் சிறிதாக, எல்லாம் உள்ளேயே. அப்படிக் கட்டிய வீடுகளில் ஆறு மாதம் தாண்டுவது கஷ்டம். அறைக்குள் செய்யும் வேலைகளில் எதையெல்லாம் வெளியே கொண்டுவரலாம் என்று யோசிப்பதில்தான் சிறிய வீட்டின் திட்டம் தொடங்குகிறது.

புதுச்சேரியில் தமிழர் பகுதித் தெருக்களில் நடந்து பாருங்கள். வைசியாள் வீதியின் பழைய வீட்டு முகப்புகளை மீட்டுப் புதுப்பித்த பணிக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. அந்த வீடுகள் சிறியவை அல்ல. ஆனால் அவற்றின் வரிசையைக் கவனியுங்கள்: தெருவோரம் மரத்தூண் வைத்த தாழ்வாரம், அதையடுத்துத் திண்ணை, பிறகு கதவு, உள்ளே முற்றம். அறை என்று சொல்லக்கூடியது கடைசியில்தான் வரும். விருந்தாளி, வழிப்போக்கர், பேச வந்த பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் கதவுக்கு வெளியிலேயே இடம் உண்டு.

வீட்டின் ஒரு பகுதியை ஊரோடு பகிர்ந்துகொள்வது இன்னொரு வழி. வள்ளலார் 1867-ல் வடலூரில் தொடங்கிய தருமச்சாலையின் அணையா அடுப்பு இன்றும் எரிகிறது. யார் போனாலும் சாப்பாடு உண்டு. அதைத் தொடங்கியவரோ கடைசியில் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தின் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், 1874 ஜனவரி 30 அன்று. தனக்கு ஓர் அறை, ஊருக்கு ஒரு சமையற்கட்டு. ஆன்மிகமாக அல்லாமல் வெறும் கட்டட ஏற்பாடாக மட்டும் பார்த்தாலும் அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியிலும் இதே எண்ணம்தான். 1930-களின் பிற்பகுதியில் அந்தோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் கட்டத் தொடங்கினார்கள். ஜார்ஜ் நாகஷிமா கட்டுமானத்தை உடனிருந்து பார்த்துக்கொண்டார். அறைகள் அடக்கமானவை, தேவைக்கு மேல் ஒரு சாமான் இல்லை. கண்ணாடி ஜன்னலே கிடையாது. சுவர் முழுக்கத் திறந்து மூடக்கூடிய படுக்கைவசப் பலகைகள். திறந்துவிட்டால் தோட்டத்துக் காற்று ஒரு பக்கம் நுழைந்து நடைபாதை வழியே மறுபக்கம் போய்விடும். அறைக்குள் இருந்தாலும் வெளியோடு இருக்கலாம்.

இதற்கு நேர்மாறான பாடத்தை என் கண்முன்னே பார்த்தேன். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கடலோரக் கிராமங்களில் கான்கிரீட் வீடுகள் கட்டிக்கொடுத்தார்கள். உறுதியான வீடுகள், அவை வந்ததில் யாருக்கும் குறை இல்லை. ஆனால் பல வீடுகளுக்குத் திண்ணை இல்லை, வாசல் நேராகச் சந்தில் இறங்கியது. குடிவந்து ஓராண்டு ஆவதற்குள் தெரு முழுக்க வீட்டுக்கு முன்னால் கீற்றுச் சாய்ப்புகள் முளைத்துவிட்டன. விறகடுப்பு அங்கே, வலை அங்கே, வயசானவர்களின் கயிற்றுக் கட்டில் அங்கே. யாரும் சொல்லிக் கொடுக்காமலே எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள்.

எங்கள் வீட்டின் 340 சதுர அடிக்கு வெளியே, கிழக்கிலும் தெற்கிலும் எட்டடி அகலத்துக்குத் திண்ணையும் தாழ்வாரமும் இருக்கிறது. மொத்தம் 260 சதுர அடி. வருடத்தில் ஒன்பது மாதம் நாங்கள் வாழ்வது அங்கேதான். கடல்காற்று மதியத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து வரும். அந்த நேரம் பார்த்து மாமியார் முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

சக்கர வீடு, பெட்டி வீடு, குமிழ் வீடு

இணையத்தில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது இவற்றைப் பற்றித்தான்.

டிரெய்லர் மீது கட்டிய சக்கர வீடு அமெரிக்காவில் வந்ததற்கு அங்குள்ள சட்டமும் ஒரு காரணம். பல ஊர்களில் குறிப்பிட்ட அளவுக்குக் குறைவாக வீடு கட்ட அனுமதி கிடைக்காது. சக்கரம் இருந்தால் அது வீடு அல்ல, வண்டி என்ற கணக்கில் போய்விடும். அந்தச் சிக்கல் நமக்கு அந்த அளவுக்கு இல்லாதபோது அந்தத் தீர்வும் தேவையில்லை.

கப்பல் கன்டெய்னரை வீடாக்குவது சென்னையிலிருந்து பரவிய ஆசை. இருபதடி கன்டெய்னர் ஒன்றின் பரப்பு சுமார் 150 சதுர அடி, உள்ளகலம் எட்டடிக்கும் குறைவு. தண்ணீர் புகாது, லாரியில் கொண்டுவந்து இறக்கிவிடலாம், எல்லாம் சரி. ஆனால் அது இரும்பு. அக்னி நட்சத்திரத்தில் நண்பகல் வெயிலில் அதன் பக்கவாட்டில் கை வைத்துப் பாருங்கள். உள்ளே வெப்பத்தடுப்பு போட்டால் இருக்கிற அகலமும் குறையும், செலவும் ஏறும், கடைசியில் ஏசி இல்லாமல் முடியாது. உப்புக்காற்றில் துரு வேறு. கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் வாழ்கிறவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

குமிழ் வடிவ டோம் வீடு காற்றுக்கு நன்றாக நிற்கும். பக்மின்ஸ்டர் ஃபுல்லர் முக்கோணங்களால் ஆன டோமுக்கு 1954-ல் காப்புரிமை வாங்கினார். வளைந்த சுவரில் அலமாரி பொருந்தாது, நூற்றுக்கணக்கான இணைப்புகளில் ஏதாவது ஒன்று ஐப்பசி மழையில் ஒழுகும். வட்டவீடு வேண்டுமென்றால் ஆந்திரக் கடலோரத்தில் மீனவர்கள் கட்டும் சுட்டில்லு என்ற வட்டக் குடிலைப் பார்க்கலாம். மண்சுவர், கூம்புக்கூரை, தரையைத் தொடுவதுபோல் இறங்கும் ஓலை. புயல்காற்றுக்குப் பிடி கிடைக்காது.

ஆரோவில் 1968 பிப்ரவரி 28-ல் தொடங்கப்பட்டது. ஆரம்ப ஆண்டுகளில் அங்கே வந்தவர்கள் உள்ளூர்த் தொழிலாளிகளிடம் கற்றுக்கொண்டு சவுக்கும் மூங்கிலும் கீற்றும் வைத்துக் குடில் போட்டுக்கொண்டார்கள். கருங்கல் தூண்கள் மேல் நிற்கும் ஓராள் குடிலுக்குக் கேப்சூல் என்று பெயர். இன்றும் அங்கே வெளிநாட்டவர்கள் அந்தக் கூரையை நம் வாயில் வருகிற மாதிரியே கீத்து என்கிறார்கள். நம்மூர்க் கூரைக்காரர்களின் சொல் பல நாட்டு மனிதர்களின் வாயில் புழங்குவதைக் கேட்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். அழகான வீடு அது. ஆனால் கீற்றை இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தீப்பொறிக்குப் பயந்துகொண்டே இருக்க வேண்டும். சவுக்குக் கம்பின் மண்ணில் புதையும் பகுதியைக் கரையான் விடாது. அதற்குத்தான் கருங்கல் கால்.

மண் வீடு

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் பகுதியில் சிறிய வீட்டுக்கு மிகப் பொருத்தம் மண் என்று நான் நம்புகிறேன்.

மண்ணில் சிறிதளவு, பொதுவாக ஐந்து சதவீதம், சிமென்ட் கலந்து, ஈரப்பதமாகப் புரட்டி, கைநெம்புகோல் இயந்திரத்தில் அழுத்தி எடுப்பது அழுத்திய மண்கல். சூளை கிடையாது, விறகும் கரியும் கிடையாது. எடுத்தவுடன் நிழலில் அடுக்கி நான்கு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆரோவில் மண் கட்டடக் கழகம் இதை நெடுங்காலமாகப் பயிற்றுவித்து வருகிறது. இந்தக் கல்லில் எழுந்த ஆரோவில் பார்வையாளர் மையத்துக்கு 1992-ல் ஏழைகளுக்கான கட்டடக் கலைக்கென எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி பெயரில் வழங்கும் சர்வதேச விருது கிடைத்தது. போனால் சுவரைத் தொட்டுப் பாருங்கள், மேல்பூச்சு இல்லாமல் நிற்கிறது.

எல்லா மண்ணும் ஆகாது. சோதிக்க ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். மேல்மண்ணை ஒன்றரை அடிக்கு ஒதுக்கிவிட்டு (அது தோட்டத்துக்கு), அடிமண்ணை எடுத்து பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போடுங்கள். தண்ணீர் ஊற்றி ஒரு சிட்டிகை உப்புப் போட்டு நன்றாகக் குலுக்கி ஜன்னலோரம் வையுங்கள். சரளையும் மணலும் சில நிமிடத்தில் அடியில் உட்காரும். அதன் மேல் வண்டல். களி கடைசியாக, மறுநாள்தான் தெளியும். பாட்டிலுக்கு வெளியே ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளலாம். மணல் பாதியளவும் களி ஐந்தில் ஒரு பங்கும் இருந்து, மீதி சரளையும் வண்டலுமாக இருந்தால் கல்லுக்கு நல்ல மண்.

பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். எங்கள் மனையின் மண் பாட்டிலில் பாதிக்கு மேல் களியாகத் தெளிந்தது. நெல்லுக்கு நல்லது, கல்லுக்கு ஆகாது. காயும்போது வெடித்துவிடும். செம்மேட்டு மண்ணை வரவழைத்துக் கலந்துதான் கல் அறுத்தோம். கேப்பர் மலைப் பக்கத்திலோ வானூர்ப் பக்கத்திலோ மனை இருப்பவர்களுக்கு அந்தச் செலவு மிச்சமாகலாம்.

எங்கள் மேஸ்திரிக்கு ஆரம்பத்தில் நம்பிக்கையே இல்லை. “மண்ணுல கட்டுனா கரைஞ்சிடும்மா. மாமியாரு வேற வயசானவங்க. யோசிச்சுக்குங்க” என்றார். நான் நான்கு வாரம் பதமான கல் ஒன்றை எடுத்து பக்கெட் தண்ணீரில் போட்டு வைத்தேன். பத்து நாள் கழித்து அவரே கையை விட்டு எடுத்தார், ஆணியால் கீறிப் பார்த்தார், காதோரம் வைத்துத் தட்டிப் பார்த்தார். தண்ணீர் கலங்கக்கூட இல்லை. “சரி, ஆனா தரையிலேர்ந்து மூணு அடிக்குக் கருங்கல்லுதான் வைக்கணும், அதுக்கு மேலதான் இது” என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. எந்த மண்சுவரானாலும் தேங்கிய தண்ணீரும் தெறிக்கும் தண்ணீரும் படாமல் காப்பாற்ற வேண்டும்.

மண்கல் கிடைக்காதவர்கள் செங்கல்லிலேயே சிக்கனம் பிடிக்கலாம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டில் செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைப்பார்கள். சுவருக்குள் வெற்றிடம் உண்டாகும். ஒன்பதங்குலச் சுவருக்கு வேண்டிய கல்லில் ஏறக்குறைய கால்பங்கு மிச்சம், வெயிலும் சட்டென உள்ளே இறங்காது. எங்கள் கூரை அவர் பரப்பிய இன்னொரு முறை: கான்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில், கம்பிகளுக்கு நடுவே, பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து வைத்துவிடுவது. அந்த இடத்தில் கான்கிரீட் உண்மையில் பாரம் தாங்குவதில்லை. எனவே குறைத்துக்கொள்ளலாம். ஓடுகளுக்கு நடுவே அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கும். அண்ணாந்து பார்த்தால் சிவப்பு ஓடுகள் கட்டம் கட்டமாகத் தெரியும்.

காற்றும் தண்ணீரும்

கடலூர், புதுச்சேரியில் வீட்டைப் பற்றிப் பேசும் எவரும் தானே புயலைத் தாண்டிப் போக முடியாது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை, இரண்டு ஊர்களுக்கும் நடுவே மணிக்கு 140 கிலோமீட்டர் வரையிலான காற்றோடு கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் தலைமுறை கண்ட பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன.

அப்போது எங்கள் மனையில் வேறொரு வீடு இருந்தது. சிமென்ட் ஷீட் போட்ட, இருபக்கம் சாய்ந்த கூரை. வெயில் படாமலிருக்க முன்பக்கம் நாலடி நீட்டியிருந்தோம். கட்டித் தந்தவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. காற்று அந்த நீட்டலுக்கு அடியில் புகுந்து, மூடியைத் திறப்பதுபோல் மொத்தக் கூரையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மாமியாரைக் கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்து நாங்கள் இருவரும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை இருந்தோம். ஷீட் ஒன்று மூன்று வயல் தாண்டிக் கிடந்தது.

புயல் கூரையை அமுக்குவதைவிட அதிகமாக மேலே இழுக்கிறது. சிறிய வீடு எடை குறைந்தது, எனவே அதற்கு ஆபத்து அதிகம். புதுச்சேரிக்கு இந்தியத் தர விதிகள் குறித்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். இதற்குத் தாங்க வேண்டும் என்றால் சாய்வுக் கூரை நாலு பக்கமும் சரிந்திருப்பது நல்லது, நீட்டல் ஒன்றரை அடியைத் தாண்டக் கூடாது, கூரை சுவரோடும் சுவர் அஸ்திவாரத்தோடும் கம்பியால் கட்டுண்டிருக்க வேண்டும். தாழ்வாரத்தின் கூரை வீட்டுக் கூரையோடு ஒட்டாமல் தனியாக நிற்க வேண்டும். பிய்த்துக்கொண்டு போனாலும் அது மட்டும் போகும். ஆயா வீட்டின் இறவாணம் ஏன் அவ்வளவு தாழ்வு, ஐப்பசி பிறக்கும் முன் தாத்தா பழைய வலையைக் கூரைமேல் விரித்து நாலு மூலையிலும் ஏன் கல் கட்டித் தொங்கவிட்டார் என்பதெல்லாம் எனக்குத் தானேவுக்குப் பிறகுதான் விளங்கியது.

தண்ணீரின் கதை 2024-ல் வந்தது. ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் இரு கரையும் புரண்டு வந்தது. எங்கள் வாசலில் நாலு படி. மூன்றாம் படியில் நின்றது. பேஸ்மட்டத்தை மூன்றரை அடிக்கு உயர்த்தச் சொன்ன மேஸ்திரியிடம் செலவு அதிகமாகிறதே என்று அன்று முகம் சுளித்தது நான்தான். மனை வாங்குமுன் அந்தத் தெருவில் வயசானவர் ஒருவரிடம், எந்த வருடம் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று கேளுங்கள். சுவரில் கோடு காட்டுவார்கள்.

அதே மழை நமக்கு வரவும்கூட. இந்தக் கரையில் வருடத்துக்குச் சராசரியாக 1,200 மில்லிமீட்டருக்குக் குறையாது. 340 சதுர அடிக் கூரையில் விழுவதில் ஐந்தில் நாலு பங்கு பிடித்தாலே 30,000 லிட்டர் வரும். குடிக்கவும் சமைக்கவும் மூன்று பேருக்கு அது வருடம் முழுக்கத் தாராளம். ஆனால் பெய்வது பெரும்பாலும் மூன்று மாதத்தில். அவ்வளவையும் தேக்கத் தொட்டி வைத்தால் அதுவே பெரிய செலவு. நாங்கள் 5,000 லிட்டருக்கு ஒரு தொட்டி வைத்து, மீதியைக் கிணற்றில் விடுகிறோம்.

பணம், அனுமதி, சாமான்

வீடு பாதியானால் செலவும் பாதியாகும் என்று கணக்குப் போடாதீர்கள். போர்வெல், செப்டிக் டேங்க், கழிப்பறைச் சாமான், சமையல் மேடை, மின் இணைப்பு இவை சுருங்காது. எனவே சதுர அடிக் கணக்கில் சிறிய வீடு பெரிய வீட்டைவிட அதிகமாகத்தான் வரும். மொத்தத் தொகை குறையும், கடன் குறையும், கடன் அடைக்கும் வருடங்கள் குறையும். அந்த வருடங்களுக்காகத்தான் நாங்கள் இதைத் தேர்ந்தெடுத்தோம்.

எவ்வளவு சிறியதானாலும் கட்டட அனுமதி வேண்டும். தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி வாங்கலாம். கடலூரிலிருந்து தென்பெண்ணையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் வந்துவிட்டால் விதியும் வேறு, அலுவலகமும் வேறு. ஆரோவில் பெயர் சொல்லி விற்கும் மனைகள் பெரும்பாலும் விழுப்புரம் மாவட்டத்தில் வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடலிலிருந்து 500 மீட்டருக்குள் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. விசாரிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சாமானைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: பரணை ஏணி வைத்துப் படுக்கையறையாக்கும் வெளிநாட்டு யோசனை இங்கே ஒத்துவராது. வெப்பம் முழுக்க மேலேதான் ஏறும். நம் பரண் அண்டா குண்டானுக்குத்தான்.

சிரமம் எதுவும் இல்லை என்றால் அது பொய். தலைவலியில் ஒருவர் படுத்தால் மற்ற இருவரும் குரலைத் தாழ்த்த வேண்டும். கணவன் மனைவிக்குள் வாக்குவாதம் வந்தால் மாமியார் தாமாகவே கோயிலுக்குக் கிளம்பிவிடுவார், அந்தப் பெருந்தன்மை எல்லா வீட்டிலும் அமையாது. நல்லது கெட்டது என்றால் வாசலில் பந்தல்தான். நாத்தனார் குடும்பம் வந்தால் திண்ணையில் கொசுவலை கட்டுவோம். வளர்ந்த பெண்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கதவு வைத்த தனி மூலை ஒன்றில்லாமல் 340 சதுர அடி சரிப்படாது. அவர்களிடம் நான் 500-க்குக் குறையாமல் கட்டச் சொல்வேன்.

கட்டுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். இப்போது இருக்கும் வீட்டின் மொட்டை மாடியில், நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தைக் கோலமாவால் முழு அளவில் கோடிழுங்கள். சுவர் கனத்தையும் சேர்த்து வரையுங்கள். கதவு திறக்கும் வளைவையும் வரையுங்கள். கட்டில் இருக்கும் இடத்தில் பாய், அடுப்பு இருக்கும் இடத்தில் ஸ்டவ், உங்கள் சாமானில் எதெல்லாம் வருமோ அதெல்லாம். ஒரு சாயங்காலம் அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, கோட்டைத் தாண்டாமல் இரவு படுத்துப் பாருங்கள். நாங்கள் கடலூரில் வாடகைக்கு இருந்த வீட்டு மாடியில் அப்படிச் செய்தோம். கழிப்பறைக் கதவு திறந்தால் மாமியாரின் கட்டிலில் இடிக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. விடிந்ததும் அவரே துடைப்பத்தால் அந்தக் கோட்டை அழித்துவிட்டு, கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வரைந்தார். திண்ணையை இன்னும் ரெண்டடி அகலமாக்கச் சொன்னவரும் அவர்தான்.